எஸ்டி பட்டியலில் பெயர் வந்தாச்சு.. ஓட்டுக் கணக்கில் எப்போ வரும்? நரிக்குறவர்களின் பிரதிநிதித்துவம் எங்கே சிக்கி நிற்கிறது?

திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலையைத் தெரியாமல் இருக்காது. 14 கிலோமீட்டர் பாதையில், பெரிய கோயிலில் இருந்து பார்த்தால் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. பாதி தூரம் நடந்த களைப்பில் பலரும் கொஞ்ச நேரம் உட்காருவது இந்தப் பக்கம்தான்.

பவுர்ணமி இரவில் இந்தப் பாதையோரம் துணி விரித்து பாசிமணி, ருத்ராட்சம், வளையல் விற்கும் நரிக்குறவர் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். பேரம் பேசி மாலை வாங்கியும் இருப்பீர்கள். ஆனால் இவங்களுக்கு ஓட்டு எந்த ஊரில், இவங்களுக்காக சட்டமன்றத்தில் பேசுவது யார் என்ற கேள்வி நம்மில் பலருக்கு வந்திருக்காது.

2023 ஜனவரியில் நரிக்குறவர்கள் பழங்குடியினர் (எஸ்டி) பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். "அதான் எல்லாம் கிடைச்சிடுச்சே" என்று நினைப்பவர்கள் உண்டு. படிப்பு, வேலை விஷயத்தில் வழி திறந்தது உண்மை. அரசியல் பிரதிநிதித்துவத்தில் மட்டும் கதவு இன்னும் திறக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய கணக்கு.

பட்டியலில் வர எத்தனை வருஷம் ஆச்சு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குறவர் சமூகமும் நரிக்குறவர் சமூகமும் ஒன்றில்லை. பெயரில் ஒற்றுமை இருப்பதால் செய்திகளில்கூட (நம்ம ஆட்களும் இதில் விதிவிலக்கில்லை) அடிக்கடி மாற்றி எழுதிவிடுகிறோம். நரிக்குறவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. இது திராவிட மொழி கிடையாது, இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. தனி எழுத்து கிடையாது. ஒரு காலத்தில் வேட்டைதான் வாழ்க்கை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் சட்டப்படி முடிந்துபோனது. பாசிமணியும் ஊசியும்தான் மிச்சம். அதை விற்க திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே போயாக வேண்டும்.

எஸ்டி பட்டியல் கதை 1965-லேயே தொடங்குகிறது. மத்திய அரசு அமைத்த லோகூர் குழு, இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று அப்போதே பரிந்துரை செய்தது. ஆனால் தமிழ்நாட்டில் இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருந்தார்கள். பிறகு நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவும் நிறைவேறாமல் காலாவதியானது.

2021-ல் மாமல்லபுரம் பக்கம் ஒரு கோயில் அன்னதானத்தில் தன்னை உட்கார விடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ வைரல் ஆனது. அறநிலையத்துறை அமைச்சர் அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். அந்த தீபாவளிக்கு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் கொடுத்தார். 2022 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், டிசம்பரில் மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் மசோதா நிறைவேற்றம். குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் 2023 ஜனவரியில் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டின் எஸ்டி பட்டியலில் அதுவரை 36 பெயர்கள். 37-வதாக 'நரிக்கொரவன், குருவிக்காரன்' என்று சேர்ந்தது. 1965-ல் வந்த பரிந்துரை சட்டமாக 57 வருஷத்துக்கு மேல் ஆனது.

எஸ்டி ஆனதால் தொகுதி கிடைக்காதா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எஸ்டி பட்டியலில் வந்தால் கல்வி, வேலைவாய்ப்பில் தமிழ்நாட்டில் இருக்கும் 1 சதவீத எஸ்டி ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். அதற்கு சாதிச் சான்றிதழ் போதும். சட்டமன்றத்தில் தனித் தொகுதி அப்படி வராது. அது மக்கள்தொகைக் கணக்கை வைத்து வருவது.

அரசியல் சட்டத்தின் 332-வது பிரிவு சொல்வது இதுதான்: ஒரு மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையில் பழங்குடியினர் எத்தனை பங்கோ, சட்டமன்ற இடங்களிலும் ஏறக்குறைய அத்தனை பங்கு அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் 2001 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் சுமார் 6.5 லட்சம் பேர், 1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். 234 இடங்களில் அந்தப் பங்கைப் போட்டால் 2.4 வரும். அதனால் 2 தொகுதிகள். சேலம் மாவட்டத்தில் ஏற்காடு, நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலம். 2008 மறுசீரமைப்புக்கு முன்னால் உப்பிலியபுரத்தையும் சேர்த்து 3 இருந்தது, அதில் ஒன்று போய்விட்டது. மக்களவையில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 7 எஸ்சி தனித் தொகுதி, எஸ்டிக்கு ஒன்றுகூட கிடையாது.

2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7,94,697 பேர். இதே கணக்கைப் போட்டால் 2.58 வருகிறது. கிட்டத்தட்ட 3. ஆனால் 2011 எண்ணிக்கையை வைத்து இங்கே தொகுதிகளை மறுபடி ஒதுக்கவே இல்லை. நாம் இன்னும் 2001 கணக்கில்தான் ஓட்டு போடுகிறோம்.

அந்த 7,94,697 பேரில் நரிக்குறவர்கள் கிடையாது என்பது அடுத்த சிக்கல். 2011-ல் அவர்கள் எஸ்டி பட்டியலிலேயே இல்லையே! சட்டம் 2023-ல் அவர்களைப் பழங்குடி என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பும் நடக்காததால், எந்த எஸ்டி எண்ணிக்கையிலும் அவர்கள் இல்லை.

திருவண்ணாமலைக்கு ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் பழங்குடியினர் எண்ணிக்கை 90 ஆயிரத்தைத் தாண்டியது. நாமக்கல்லில் சுமார் 57 ஆயிரம்தான். ஆனால் எஸ்டி தொகுதி நாமக்கல்லில் இருக்கிறது, திருவண்ணாமலையில் இல்லை. இங்குள்ள 8 சட்டமன்றத் தொகுதிகளில் செங்கம், வந்தவாசி இரண்டும் எஸ்சி தனித் தொகுதிகள். மற்ற 6 பொதுத் தொகுதிகள்.

எத்தனை பேர் என்பதோடு எங்கே சேர்ந்து இருக்கிறார்கள் என்பதையும் தொகுதி மறுவரையறைச் சட்டம் பார்க்கிறது. மொத்த மக்களில் பழங்குடியினரின் விகிதம் அதிகமாக இருக்கும் பகுதிக்குத்தான் எஸ்டி தொகுதி போகும். கொல்லிமலை மொத்தமாக சேந்தமங்கலத்துக்குள் வருகிறது. சேர்வராயன் மலை ஏற்காட்டுக்குள் வருகிறது. இரண்டிலும் மலையாளி பழங்குடியினர் சேர்ந்து வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அவர்கள்தான், 2011-ல் சுமார் 3.5 லட்சம் பேர். திருவண்ணாமலையின் ஜவ்வாது மலையிலும் அதே சமூகத்தினர் இருக்கிறார்கள். ஆனால் அந்த மலை கலசபாக்கம் தொகுதிக்குள் வருகிறது, சமவெளி ஓட்டுகளுக்கு நடுவே மலை ஓட்டு கரைந்துவிடுகிறது.

மலையில் ஒன்றாக வாழ்பவர்களுக்கே இந்த நிலைமை. ஊருக்கு ஒரு தெரு, ஏரிக்கரையில் பத்து வீடு என்று வட தமிழகம் முழுக்கச் சிதறி வாழும் இருளர்கள் 2011-ல் சுமார் 1.9 லட்சம் பேர். எண்ணிக்கையில் இரண்டாவது பெரிய பழங்குடி. ஆனாலும் எந்தத் தொகுதியிலும் அவர்கள் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குச் சேர்ந்து இல்லை. நரிக்குறவர்கள் இருளர்களைவிட எண்ணிக்கையில் குறைவு, அவர்களைவிட அதிகம் சிதறியவர்கள்.

சட்டப்படி பார்த்தால் திருவண்ணாமலை நரிக்குறவர் ஒருவர் ஏற்காட்டில் போய் போட்டியிடலாம். மாநிலத்தின் எந்தப் பழங்குடியும் எந்த எஸ்டி தொகுதியிலும் நிற்கலாம். நடைமுறையில், அந்த மலையில் யாரையும் தெரியாத, வேறு மொழி பேசும் ஒருவருக்கு எந்தக் கட்சி சீட் கொடுக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போ வார்டு மெம்பர்?

உண்மையில் வாய்ப்பு இருப்பது இங்கேதான். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். 4,500 பேர் இருக்கும் ஒரு ஊராட்சி, 9 வார்டுகள். அதில் ஒரு நரிக்குறவர் காலனி, 200 பேர். எஸ்டி ஒதுக்கீடு விகிதப்படி பார்த்தால் 9-ல் 0.4 வரும். அதாவது ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் ஒரு வார்டில் சராசரியாக 500 பேர்தான். அந்த 200 பேரும் ஒரே வார்டில் இருந்தால், ஒதுக்கீடே இல்லாமல் பொது வார்டில் ஜெயிக்க முடியும். எம்எல்ஏ தேர்தலில் காணாமல் போகும் அதே ஓட்டு, இங்கே வார்டையே புரட்டிப்போடும்.

இதற்கு இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். வார்டு எல்லை போடும்போது காலனியை நடுவில் வெட்டக் கூடாது. காலனியில் இருக்கும் எல்லாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் இப்போது மூன்றாவதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2024-ல் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது, சுற்றுப்புற ஊராட்சிகளும் அதோடு சேர்க்கப்பட்டன. மாநகராட்சி ஆனால் சாலை, குடிநீர் வசதி வரும் என்பது சரி. ஆனால் மாநகராட்சி வார்டில் ஆயிரக்கணக்கில் மக்கள் இருப்பார்கள். 500 பேர் வார்டில் பலமாக இருந்த 200 பேர், அங்கே போனால் வேட்பாளர் ஒரு தடவை வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகும் தெரு, அவ்ளோதான். கிராம ஊராட்சிகளைப் பொறுத்தவரை, இந்த மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஓட்டு எங்கே?

வாக்காளர் பட்டியலில் பெயர் வர, ஒரு இடத்தில் 'வழக்கமாக வசிப்பவர்' ஆக இருக்க வேண்டும். வியாபாரத்துக்காக மாதக்கணக்கில் வெளியூரில் தங்குபவர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும். அதிகாரி வரும்போது வீடு பூட்டியிருக்கும், 'இடம் மாறிவிட்டார்' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் எஸ்ஐஆர் எனப்படும் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்கும் முறை வந்தது. இந்த முறையில் வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை குறைவு. கிரிவலப் பாதையில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் தற்காலிகமாக வெளியூர் போனால் அதற்காக அவர் வசிப்பிடத்தை இழந்தவர் ஆகமாட்டார். வீடே இல்லாதவர்களுக்கும் ஓட்டு உண்டு. அவர் சொன்ன இடத்தில்தான் இரவில் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பிஎல்ஓ) இரவில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. பெயர் விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்டி வார்டில் போட்டியிட வேண்டுமானால் எஸ்டி சாதிச் சான்றிதழும் தேவை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தாலுகா அலுவலக அளவிலேயே கிடைத்துவிடும். எஸ்டி சான்றிதழ் கொடுப்பது வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ). பழைய எம்பிசி சான்றிதழை வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளாவிட்டால், பட்டியலில் பெயர் இருந்தும் பலன் இல்லை.

கோவாவில் என்ன நடந்தது?

இதே கதை கோவாவில் நடந்திருக்கிறது. அங்கே குன்பி, கவடா, வேலிப் சமூகங்கள் 2003-ல் எஸ்டி பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு முந்தைய 2001 கணக்கெடுப்பில் கோவாவின் மொத்தப் பழங்குடியினர் 566 பேர்தான். தொகுதி மறுசீரமைப்பு அந்த எண்ணிக்கையை வைத்து நடந்ததால் 40 இடங்களில் எஸ்டிக்கு ஒன்றுகூட கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் அதே எண்ணிக்கை 1,49,275. அதாவது மாநில மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்!

அதன்பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2024-ல் தனி மசோதா வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பட்டியலில் வந்து 22 வருஷம் கழித்து வழி பிறந்தது. நரிக்குறவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு இல்லை என்பதால் இதே வழி இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் மறுவரையறைக்காகக் காத்திருக்காமல் நாடாளுமன்றம் நினைத்தால் எஸ்டி இடங்களைத் திருத்த முடியும் என்பதை கோவா காட்டியிருக்கிறது.

உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் பிரச்சினை?

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் கேமரூன் வரை பல நாடுகளில் பரவி வாழும் ஃபுலானி மக்கள் நல்ல உதாரணம். மாடு மேய்த்து ஊர் ஊராக நகர்பவர்கள் அவர்களில் நிறைய பேர். கானா நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஃபுலானிகளையே 'வெளியூர்க்காரன்' என்று பார்க்கும் போக்கு இருக்கிறது. நைஜீரியாவில் நிலைமை தலைகீழ். 2015 முதல் 2023 வரை அதிபராக இருந்த முகமது புஹாரி ஒரு ஃபுலானிதான். ஆனால் மேய்ச்சல் பாதையில் மாட்டோடு நடப்பவனின் சிக்கல் அதனால் தீர்ந்துவிடவில்லை, அந்த ஆண்டுகளிலும் மேய்ப்பர்கள், விவசாயிகள் மோதல் தொடர்ந்தது. நம் ஆள் ஒருவர் மேலே போய்விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நியூசிலாந்து வேறு வழியைப் பிடித்தது. 1867-லேயே மவோரி மக்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கியது. இப்போது 7 இருக்கின்றன. நாடு முழுக்கவும் இந்த 7 தொகுதிகளுக்குள் அடங்கிவிடும். ஒரு மவோரி எந்த ஊரில் இருந்தாலும், மவோரி பட்டியலில் பெயர் பதிவு செய்துகொண்டால் அந்தத் தொகுதிக்கு ஓட்டு போடலாம். சிதறி வாழ்வது அங்கே ஒரு குறையாக மாறவில்லை.

இங்கே வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. நாமே செய்து பார்த்த வழி. சிதறி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களுக்காக தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேரைத் தாண்டி ஒருவரை நியமனம் செய்தார்கள். 104-வது திருத்தம் 2020 ஜனவரியில் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே திருத்தம்தான் எஸ்சி, எஸ்டி தொகுதி ஒதுக்கீட்டை 2030 வரை நீட்டித்தது.

2025-ல் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. ஒரே இடத்தில் சேர்ந்து வாழாதவர்களுக்கு தேர்தல் வழியாக மட்டும் இடம் கிடைக்காது என்பதை அரசே ஏற்றுக்கொண்ட மாதிரிதான் இது. சிறு பழங்குடிகளுக்கும் இதே முறை வரலாமே என்ற வாதத்துக்கு இனி பலம் அதிகம்.

யாரும் அதிகம் பார்க்காத இன்னொரு இடமும் உண்டு. பழங்குடியினர் ஆலோசனைக் குழு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி இதில் அதிகபட்சம் 20 பேர். முக்கால்வாசிப் பேர் எஸ்டி எம்எல்ஏக்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பதே 2 பேர்! அப்படிப் போதாமல் போனால், மீதி இடங்களைப் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த மற்றவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நரிக்குறவர், இருளர், காட்டுநாயக்கன் என எந்தத் தொகுதியிலும் ஜெயிக்க முடியாத சமூகங்களுக்கு இங்கே இடம் கொடுக்க எந்தத் தேர்தலும் தேவையில்லை. அரசாணை போதும்.

அடுத்து என்ன?

எல்லாம் போய் நிற்பது 2027 கணக்கெடுப்பில். 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நடக்கும் இந்தக் கணக்கெடுப்பில்தான் நரிக்குறவர்கள் முதன்முறையாக எஸ்டி என்று எண்ணப்படுவார்கள். உள்ளாட்சி ஒதுக்கீட்டுக்கும், பிறகு வரும் தொகுதி மறுவரையறைக்கும் அந்த எண்தான் அடிப்படை ஆகும். 2.58 என்று நிற்கும் கணக்கு 3-ஐத் தாண்டுமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

எண்ணுபவர் கேட்கும்போது என்ன பெயர் சொல்கிறார்கள் என்பது இதில் முக்கியம். தங்களுக்குள் 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் வேறு பெயரில் கூப்பிடுவார்கள். பட்டியலில் இருப்பது நரிக்கொரவன், குருவிக்காரன் என்ற இரண்டு பெயர்கள்தான். வெறுமனே 'குறவர்' என்று பதிவானால் எண்ணிக்கை வேறு கணக்கில் போய்விடும்.

இன்னொன்று, அந்த நாளில் எங்கே இருக்கிறார்கள் என்பது. 2011-ல் வீடற்றவர்களை எண்ண ஒரே ஒரு இரவைத்தான் ஒதுக்கினார்கள், பிப்ரவரி 28. வீடு இருந்தும் வியாபாரத்துக்காக வெளியூர் சாலையோரத்தில் படுத்திருப்பவர்கள் இரண்டு இடத்திலும் விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். காலனியில் ஒரு பெரியவராவது இருந்து, வெளியே போயிருப்பவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கணக்கெடுப்பு ஊழியர்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு வேலை இருக்கிறது: அடி அண்ணாமலை பாதையோரத்தில் பாசிமணிக்குப் பக்கத்திலேயே தூங்குபவர்களிடமும் போய், "உங்க ஊர் எது, அங்கே உங்க பேரைச் சொல்லியாச்சா?" என்று கேட்பது.